மதிய இடைவேளையில் ஜெபம்: கதவைச் சாத்தியதுதான் குற்றமா?

ஏற்காடு மிளகு (காலை 9:12)

எங்கள் பழைய மாணவர் குழுவில் நேற்று ஒருவர் எழுதியது இது: "அரசுக் கல்லூரி வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்த பிள்ளைகளை எழுப்பி வெளியே அனுப்பியது சரிதான். அரசியல் சட்டம் 28வது பிரிவுப்படி அங்கே ஜெபமே செய்யக் கூடாது." கீழே வரிசையாகக் கைதட்டல். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. கல்லூரி பெயர் வேண்டாம், சேலம் பக்கம்தான்.

28(1) சொல்வது என்ன? முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை வழங்கக் கூடாது. இது கல்லூரி நிர்வாகத்துக்குப் போட்ட தடை. சாப்பிட்டுவிட்டு 6 பேர் காலி வகுப்பறையில் உட்கார்ந்து, பரீட்சைக்காகவும் ஒருவனுடைய அம்மாவின் ஆபரேஷனுக்காகவும் ஜெபித்திருக்கிறார்கள். இதில் யார் யாருக்குப் போதித்தார்கள்? 25வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் இவற்றுக்குப் பங்கம் வரக் கூடாது, அவ்வளவுதான். மதியம் 20 நிமிஷம் கண்ணை மூடினால் இதில் எதற்குப் பங்கம் வந்தது?

நானும் அரசுக் கல்லூரியில் படித்தவன்தான். விடியற்காலை முதல் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பாதி நாள் வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்தவன். என்னைத் தாங்கியது அந்த மதிய ஜெபம்தான். அதைக் குற்றம் என்று சொன்னால் பேசாமல் இருக்க முடியாது.

கோட்டைத் தெரு (காலை 9:40)

மிளகு சார், சட்டமெல்லாம் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறீர்கள். ஒரே கேள்வி. கதவை ஏன் சாத்தினார்கள்?

ஏற்காடு மிளகு (காலை 9:52)

திறந்து வைத்தால் பிரசாரம் என்பீர்கள். சாத்தினால் ரகசியக் கூட்டம் என்பீர்கள். எங்கள் வேதத்தில் மத்தேயு 6-ஆம் அதிகாரம் 5, 6 வசனங்களைப் படித்துப் பாருங்கள். தெருமுனையில் ஊர் பார்க்க ஜெபம் பண்ணாதே, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு பண்ணு என்றுதான் இயேசு சொல்லியிருக்கிறார். அடுத்தவருக்குத் தொந்தரவு இல்லாமல் கதவைச் சாத்துவது எங்களுக்கு மரியாதை.

கோட்டைத் தெரு (காலை 10:05)

அந்த வசனத்தில் இருப்பது அவரவர் வீட்டு அறை. என் அப்பா கட்டிய வரியில் எழுப்பிய வகுப்பறை இல்லை. வீட்டில் பூட்டிக்கொண்டு செய்யட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?

அம்மாபேட்டை தறி (காலை 10:21)

இரண்டு பேருக்கும் சொல்கிறேன். அரசுக் கட்டடத்துக்கு மதம் கிடையாது. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968-ல், அரசு அலுவலகங்களில் இருக்கும் கடவுள் படங்களை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை போனது. அதை ஒழுங்காகச் செய்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது. ஜெபமும் வேண்டாம், ஆயுத பூஜையும் வேண்டாம்.

கோட்டைத் தெரு (காலை 10:30)

ஆயுத பூஜையை இதில் ஏன் இழுக்கிறீர்கள்? அது பண்பாடு. நமக்குச் சோறு போடும் கருவிக்குக் காட்டும் மரியாதை. லேத் மெஷினுக்குச் சந்தனம் வைத்தால் எவனும் மதம் மாறமாட்டான்.

ஏற்காடு மிளகு (காலை 10:44)

நான் படித்தபோது ஆய்வகத்தில் சரஸ்வதி படம் வைத்து, சூடம் காட்டி, திருநீறு கொடுத்து, பொரிகடலை பொட்டலம் போட்டார்கள். நானும் வாங்கித் தின்றேன். ஒருநாளும் குறை சொன்னதில்லை, இன்றும் சொல்லவில்லை. ஆனால் வேலை நேரத்தில், பேராசிரியரே முன்னால் நின்று நடத்தியது பண்பாடு. இடைவேளையில் பிள்ளைகள் தாங்களாகச் செய்தது சட்டவிரோதம். இது என்ன நியாயம்? அன்றைக்குக் கதவு திறந்திருந்தது என்பதாலா?

குகை டீச்சர் (காலை 11:10)

நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். தயவுசெய்து மூன்றைப் பிரித்துப் பேசுங்கள். மத போதனை ஒன்று, வழிபாடு இன்னொன்று, தனிப்பட்ட ஜெபம் வேறு. 28(1) பேசுவது போதனையை. 28(3)தான் வழிபாட்டையும் சேர்த்துச் சொல்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் படிக்கிறவரை, அவர் சம்மதம் இல்லாமல், 18 வயது ஆகாதவர் என்றால் காப்பாளர் சம்மதம் இல்லாமல், அங்கு நடக்கும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. டி.ஏ.வி. கல்லூரி வழக்கில், 1971-ல், குருநானக்கின் வாழ்வையும் உபதேசத்தையும் பாடமாகப் படிப்பதே மத போதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலில் போதனை என்றால் என்ன என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: வகுப்பறை கல்லூரியின் பொறுப்பில் இருப்பது. முதல்வரிடம் எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

கோட்டைத் தெரு (காலை 11:18)

டீச்சர், நீங்களே சொல்லிவிட்டீர்கள், அனுமதி வாங்கவில்லை. அதனால்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

ஏற்காடு மிளகு (காலை 11:25)

அதே காலி வகுப்பறையில் அந்தாக்ஷரி பாடினார்கள், பிறந்தநாள் கேக் வெட்டினார்கள். எவன் முதல்வரிடம் எழுதி வாங்கினான்? அமெரிக்காவில் இதே கேள்வி வந்தது. மிசூரி பல்கலைக்கழகத்தில் மற்ற மாணவர் குழுக்களுக்கெல்லாம் அறை கொடுத்துவிட்டு ஒரு கிறிஸ்தவக் குழுவுக்கு மட்டும் மறுத்தார்கள். 1981-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. எல்லாருக்கும் திறந்த இடத்தை ஜெபிக்கிறவனுக்கு மட்டும் எப்படி மூடுவீர்கள்?

அம்மாபேட்டை தறி (காலை 11:33)

கட்டடம் சேலத்தில், தீர்ப்பு அமெரிக்காவிலா? நம் நாட்டு வழக்கு இருந்தால் சொல்லுங்கள்.

ஏற்காடு மிளகு (காலை 11:58)

சொல்கிறேன். 1986, பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளாவில் யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த 3 பிள்ளைகள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் விசுவாசம் காரணமாகப் பாடவில்லை. பள்ளியை விட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தேசிய கீத விஷயத்திலேயே மனச்சாட்சிக்கு இடம் உண்டு என்றால், சாப்பாட்டு இடைவேளையில் இல்லையா?

அம்மாபேட்டை தறி (மதியம் 12:07)

அது பாடாமல் இருக்கும் உரிமை. அரசு இடத்தில் கூட்டம் போடும் உரிமை இல்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

கிச்சிப்பாளையம் (மதியம் 12:20)

மிளகு அண்ணா, உங்களுக்குக் காலி வகுப்பறையாவது கிடைத்தது. நாங்கள் 4 பேர் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போய்வர அரைமணி நேரம் கேட்டோம். வகுப்பறை கேட்கவில்லை, கதவும் கேட்கவில்லை. "வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் என்னைக் கேட்காதே" என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். மூன்று வருஷமும் வெள்ளிக்கிழமை மதியம் முதல் பீரியட் எனக்கு ஆப்சென்ட். பரீட்சை எழுத அபராதம் கட்டினேன். அன்றைக்கு எங்களோடு கையெழுத்துப் போடச் சொல்லி உங்கள் ஜெபக்குழு ஆட்களிடம்தான் முதலில் வந்தோம். ஒருவரும் போடவில்லை.

ஏற்காடு மிளகு (மதியம் 12:31)

தம்பி, உங்கள் கல்லூரி ஜெபக்குழு செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? கேட்டிருந்தால் நான் போட்டிருப்பேன். இப்போது பேச்சு இந்த 6 பேரைப் பற்றி.

கிச்சிப்பாளையம் (மதியம் 12:34)

எப்போதும் அப்படித்தான் சொல்கிறீர்கள்.

ரெண்டாம் வருஷம் (மதியம் 1:15)

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் அதே கல்லூரிதான். அன்று பக்கத்து அறையில் இருந்தேன். கதவு சாத்தவில்லை, ஒருக்களித்து வைத்திருந்தது. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ஒரு பாட்டுப் பாடினார்கள், மெதுவாகத்தான். அப்புறம் 6 பேரில் ஒரு பொண்ணு இந்து. அவளாகத்தான் போனாள், யாரும் கூப்பிடவில்லை.

கோட்டைத் தெரு (மதியம் 1:22)

இப்போது விஷயம் வெளியே வருகிறது. கதவு எதற்கு என்று இப்போது தெரிகிறதா? மிளகு சார், 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வசதியாக விட்டுவிட்டீர்கள். மதத்தைப் பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை 25-ல் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். நான் படித்தது அரசு உதவிபெறும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. பெயர் வேண்டாம். முதலாம் ஆண்டில் "தலைமைப் பண்பு முகாம்" என்று சொல்லி, அப்பாவிடம் காசு வாங்கி, எங்களை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, "உன் பாவங்களை அறிக்கையிடு" என்றார்கள். எனக்கு 17 வயது. எழுந்து வெளியே போகப் பார்த்தேன். கதவைச் சாத்தியிருந்தார்கள். ஒருவர் முன்னால் நின்றுகொண்டு, "முடியட்டும் தம்பி, உட்கார்" என்றார். அந்தக் கதவு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஏன் கதவு கதவு என்று கேட்கிறான் இவன் என்று நினைத்தீர்களே, இதனால்தான்.

ஏற்காடு மிளகு (மதியம் 1:50)

உங்களுக்கு நடந்தது தப்பு. 28(3) உங்களை மாதிரி பிள்ளைகளுக்காகவே எழுதியது. 17 வயது என்றால் உங்கள் அப்பாவின் சம்மதம் வேண்டும், முகாம் என்று பொய் சொல்லி வாங்கிய காசு சம்மதம் ஆகாது. ஆனால் அந்தக் கணக்கை அந்தக் கல்லூரியோடு தீருங்கள். இந்தப் பிள்ளைகள் உங்களை எங்கே அடைத்துவைத்தார்கள்? தாழ்ப்பாளே இல்லாத கதவு என்று பக்கத்து அறைத் தம்பியே சாட்சி சொல்லிவிட்டான். அந்தப் பொண்ணு கல்லூரி மாணவி. ஜெபத்தில் உட்காரலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்கும் சேர்த்து நீங்களும் நானும் முடிவு செய்வதுதான் மனச்சாட்சிச் சுதந்திரமா?

2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எங்கள் ஊரில் வீட்டில் ஜெபம் வைக்கவே பயந்தார்கள். 2004-ல் திரும்பப் பெற்றார்கள். சட்டம் போனது, இந்தச் சந்தேகம் மட்டும் போகவில்லை.

அப்புறம், ஏற்காடு என்றாலே முகாம், மதமாற்றம் என்று எழுதாதீர்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் எஸ்டேட் கிறிஸ்தவர்களும் மலை ஏறுவார்கள். கிறிஸ்தவர்கள் நடத்தும் மாண்ட்ஃபோர்ட் பள்ளி 1917-லிருந்து அங்கே நடக்கிறது, எத்தனை இந்துப் பிள்ளைகள் படித்துவிட்டு இந்துவாகவே இறங்கி வந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அம்மாபேட்டை தறி (மதியம் 2:04)

அந்த மாதிரிப் பள்ளியில் தறிக்காரன் பிள்ளை எத்தனை படித்தது என்றும் கேட்டுப் பாருங்கள். ஜெபத்தில் எல்லாரும் ஒன்று என்கிறீர்கள், கல்லறையில் சாதிக்கு ஒரு வரிசை வைத்த ஊர்கள் இந்தத் தமிழ்நாட்டில் உண்டா இல்லையா?

ஏற்காடு மிளகு (மதியம் 2:11)

உண்டு. அதற்கு எதிராகப் பேசி நான் சபையில் பகையும் சம்பாதித்திருக்கிறேன். ஆனால் அது இந்த வகுப்பறைக்குள் எப்படி வந்தது? லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழியச் சங்கம் 1827-ல் சேலத்துக்கு வந்த காலத்தில் இந்த ஊரில் யார் யாரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்க வைத்தார்கள் என்று பேச ஆரம்பித்தால் சாயங்காலம் வரை பேசலாம்.

அம்மாபேட்டை தறி (மதியம் 2:15)

பேசுங்கள். தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

குகை டீச்சர் (மதியம் 2:30)

நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அரைமணி கேட்ட தம்பிக்கும் இந்த 6 பேருக்கும் ஒரே விதியைத்தான் கல்லூரி எழுதிவைக்க வேண்டும். அதில் ஆயுத பூஜையும் வர வேண்டும்.

கோட்டைத் தெரு (மதியம் 2:36)

ஆயுத பூஜை வராது டீச்சர். பண்பாடு என்று முன்பே சொல்லிவிட்டேன். ஒருக்களித்த கதவு என்றால் பாதி சாத்திய கதவுதான்.

ரெண்டாம் வருஷம் (மாலை 4:48)

இன்றைக்கு அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். எங்கள் வகுப்பும் வராந்தாவில் நடந்தது. அவர்கள் 5 பேர் சைக்கிள் ஷெட் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பொண்ணு வரவில்லை.

ஏற்காடு மிளகு (மாலை 4:55)

வரவில்லையா, வரவிடவில்லையா? கோட்டைத் தெரு, மரத்தடியில் கதவு இல்லை. இப்போது என்ன சொல்வீர்கள்?

கோட்டைத் தெரு (மாலை 5:02)

மரத்தடியும் கல்லூரி வளாகம்தான். அந்தப் பொண்ணு வீட்டில் யாராவது விசாரித்திருப்பார்கள், நல்லதுதான். முதல் நாள் கதவை ஏன் சாத்தினார்கள் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஏற்காடு மிளகு (மாலை 5:06)

சாத்தவில்லை. ஒருக்களித்து வைத்திருந்தது. தாழ்ப்பாள் இல்லை. மேலே போய்த் தம்பி எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். ராத்திரி வந்து மிச்சத்தை எழுதுகிறேன், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.