பூங்காவுக்குள் ஓர் ஊர்

பெரியப்பா (காலை 7:10): நீ நேற்று அனுப்பிய படத்தில் ஆட்டுமந்தைக்குப் பின்னால் வீடுகளும் ஒரு தபால் நிலையமும் தெரிந்தன. தேசியப் பூங்கா என்றால் மனிதர்களை வெளியே நிறுத்திவிட்டு எல்லை போட்ட காடு என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். அதற்குள் நீங்கள் எப்படிக் குடியிருக்கிறீர்கள்? விரிவாக எழுது. குரல் பதிவு வேண்டாம் அம்மா, படித்தால்தான் எனக்கு மனத்தில் நிற்கும்.

அக்கா (காலை 11:42): பெரியப்பா, நீங்கள் சொல்வது 1872-இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோனில் தொடங்கிய முறை. பிரிட்டனில் 1949-இல் இதற்கான சட்டம் வந்தபோது ஆளில்லாத காடு என்று ஒதுக்கிவைக்க இங்கே இடமே இல்லை. நூற்றாண்டுக்கணக்கில் ஆடு மேய்த்தும் புல் அறுத்தும் வந்த மலைச்சரிவுகளை, அவற்றில் இருந்த ஊர்களோடு சேர்த்தே எல்லைக்குள் கொண்டுவந்தார்கள். வடக்கு இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் யார்க்‌ஷர் டேல்ஸ் 1954-இல் பூங்காவானது. இப்போது இதற்குள் ஏறத்தாழ 24,000 பேர் வாழ்கிறோம். நிலத்தின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். பூங்கா ஆணையம் நிலத்துக்கு உடைமைக்காரர் அல்ல. ஆனால் புது வீடு கட்டவும், பழைய தொழுவத்தை வீடாக மாற்றவும் அனுமதி தருவது அதுதான்.

அத்தை (காலை 11:50): அப்படியென்றால் வீடு கிடைப்பது கடினமாயிற்றே. நீங்கள் ஐந்து மாதம் அலைந்தது இதனால்தானா?

அக்கா (காலை 11:58): அதுவும் ஒரு காரணம், அத்தை. ஆனால் இருக்கிற வீடுகளிலேயே பல, விடுமுறைக்கு மட்டும் திறக்கப்படுபவை. குளிர்கால மாலையில் எங்கள் தெருவில் நடந்தால் விளக்கெரியும் சன்னல்களை எண்ணிவிடலாம். இரண்டாம் வீடு வைத்திருப்பவர்கள் உள்ளாட்சி வரியை இருமடங்காகக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு 2025 ஏப்ரலில் இங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதனால் வீட்டுவிலை இறங்கும் என்று என் பக்கத்து வீட்டுப் பாட்டி நம்பவில்லை, நானும் நம்பவில்லை. இளையவர்கள் வெளியூர் போய்விட்டால் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், கடை நொடிக்கிறது, பேருந்து நிற்கிறது. காட்சி அழகாக இருப்பதில் இங்கே குறையே இல்லை. அதற்குள் ஆண்டு முழுவதும் வாழ ஆள் வேண்டுமே என்பதுதான் ஊர்க்கூட்டங்களில் பேச்சு.

தம்பி (பகல் 12:20): பேருந்து நிற்கிறது என்கிறாயே, போன வாரம் ஒரு சின்ன வெள்ளைப் பேருந்தின் படத்தைப் போட்டிருந்தாயே அக்கா?

அக்கா (பகல் 1:05): அதன் பெயரே 'லிட்டில் ஒயிட் பஸ்' தான். ஹாஸ் என்னும் எங்கள் சந்தை ஊரில் உள்ள சமூக அமைப்பு ஒன்று அதை நடத்துகிறது. ஊதியம் பெறும் ஊழியர்களும் உண்டு, ஊதியமின்றி ஓட்டும் ஊர்க்காரர்களும் உண்டு. அதே அமைப்புதான் தபால் நிலையம், நூலகம், பெட்ரோல் நிலையம் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்கிறது. ஒரே கூரையின் கீழ் ஒருவர் ஓய்வூதியப் பணம் வாங்குவதும், அடுத்தவர் புத்தகம் திருப்பித் தருவதும், மூன்றாமவர் தன் நாயைக் காணவில்லை என்று முறையிடுவதும் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது.

பெரியப்பா (பகல் 2:30): படித்தேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. பேருந்தும் நூலகமும் தபாலும் அரசு செய்ய வேண்டிய வேலைகள். அவற்றை ஊரார் தலையில் கட்டிவிட்டுச் 'சமூகத் திட்டம்' என்று பெயர் சூட்டினால் அரசுக்குச் செலவு மிச்சம், அவ்வளவுதானே? உள்ளூர் மக்களின் வாழ்வை மேம்படுத்தும் கடமை அந்த ஆணையத்துக்கு இல்லையா?

அக்கா (மாலை 4:15): உங்கள் கேள்வி நியாயமானதே. உள்ளூர்ச் சமூகங்களின் பொருளாதார, சமூக நலனை வளர்க்க ஆணையம் முயல வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருக்கிறது. ஆனால் இயற்கை அழகைக் காப்பதும் மக்கள் அதைக் கண்டு மகிழ வாய்ப்பளிப்பதுமே அதன் முதல் நோக்கங்கள். நலன் என்பது அவற்றை நிறைவேற்றும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது. அதனால் ஊரார் காத்திருப்பதில்லை. இணைய வசதிக்கு 'பார்ன்' என்ற கூட்டமைப்பு வடக்கு இங்கிலாந்துக் கிராமங்களில் செய்ததைக் கேளுங்கள். உழவர்கள் தம் வயலின் வழியே கம்பி போக வாடகை கேட்காமல் இடம் கொடுத்தார்கள், ஊரார் தாங்களே பள்ளம் தோண்டினார்கள், நொடிக்கு 1 கிகாபிட் வேகம் தொழுவத்து வாசல்வரை வந்தது. இதில் அரசு தப்பித்துக்கொண்டது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். இந்த வேலைகளைச் செய்பவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள் என்பதுதான் என் கவலை.

அத்தை (மாலை 4:22): வேலைவாய்ப்பு?

அக்கா (மாலை 4:40): ஆடு வளர்ப்பு, சுற்றுலா, பாலாடைக்கட்டி. 1992-இல் மூடப்பட்ட ஹாஸ் பாலாடைக்கட்டித் தொழிற்சாலையை அங்கே மேலாளராக இருந்தவர்களே சேர்ந்து வாங்கி மீண்டும் ஓட்டினார்கள். இன்றும் ஊரில் பெரிய வேலைதரும் இடம் அதுதான்.

தம்பி (மாலை 4:51): ரயிலையும் ஊரார்தான் காப்பாற்றினார்களாமே?

அக்கா (மாலை 5:10): ஆம், செட்டில்–கார்லைல் பாதையை மூடப் போகிறோம் என்றபோது 22,000-க்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் நாய். பயணச்சீட்டு வாங்கிப் பயணம் செய்த ருஸ்வார்ப் என்ற அந்த நாயின் பாதச்சுவடும் எதிர்ப்பாக ஏற்கப்பட்டது. 1989-இல் பாதை மூடப்படாது என்று அரசு அறிவித்தது. அந்தப் பாதையில் உள்ள கார்ஸ்டேல் நிலையத்தில் ருஸ்வார்ப்புக்குச் சிலை இருக்கிறது. அந்த நிலையத்தில் இறங்குபவர்களை ஹாஸுக்குக் கொண்டுவருவதும் நம் வெள்ளைப் பேருந்துதான்.

பெரியப்பா (மாலை 6:05): ருஸ்வார்ப்பை எனக்குப் பிடித்துவிட்டது. உன் கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல் சுமக்கப் போகிறாராமே, அது எதற்கு?

அக்கா (மாலை 6:30): சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிக் கட்டும் சுவர்கள் இந்தப் பூங்காவில் 8,000 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. இரண்டு முகமாக எழுப்பி, இடையில் சிறு கற்களை நெருக்கி இட்டு, நடு உயரத்தில் இரு முகங்களையும் கவ்விப் பிடிக்கும் நீளக் கற்களைக் குறுக்கே வைப்பார்கள். உறைபனியும் ஏறிக் குதிக்கும் ஆடுகளும் ஆங்காங்கே சரித்துவிடும். அப்படிச் சரிந்த இடங்களை அனுபவசாலி ஒருவரிடம் கற்றுக்கொண்டே எடுத்துக் கட்டுகிறார்கள். எடுத்த கல்லைப் பொருந்தவில்லை என்று கீழே போடக் கூடாது, அதற்கு வேறிடம் தேடு என்பாராம் அந்தக் கிழவர். இவர் நாள் முழுவதும் உழைத்து இரண்டு மீட்டர் கட்டியதாகப் பெருமை பேசினார். அதில் ஒரு மீட்டரை மறுநாளே ஆடு தள்ளிவிட்டது.

அத்தை (மாலை 6:33): காலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ் போடச் சொல்.

பெரியப்பா (இரவு 8:20): மே மாதம் நானும் அத்தையும் வருகிறோம். கார்ஸ்டேலில் இறங்குகிறோம். சிலையைப் பார்த்துவிட்டுத்தான் பேருந்தில் ஏறுவேன்.

அக்கா (இரவு 8:31): வரும் தேதியை முன்னதாகச் சொல்லிவிடுங்கள் பெரியப்பா. பேருந்து நேரத்தைக் கேட்டு, ஓட்டுநரிடமும் சொல்லி வைக்கிறேன்.