வாசலில் நிறுத்தி அனுப்பிய யாராவது இன்னும் மனதில் இருக்கிறார்களா?

திருநகர்க்காரி:
எங்கள் கிறிஸ்தவ சபையில் பொட்டு, பூ, நகை எதுவும் கிடையாது, தெரிந்ததுதான். அன்று வாசலில் நிற்கும் முறை எனக்கு. முதல் தடவையாக ஓர் அக்கா வந்தார், தலை நிறைய மல்லிகை. "பூவை மட்டும் எடுத்துட்டு உள்ள வாங்கக்கா" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. செருப்புகள் கிடந்த பக்கம் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் மகனின் சட்டைப் பையில் வைத்தார். ஏழு வயது இருக்கும் பையனுக்கு. கசங்கிவிடக் கூடாதென்று ஆராதனை முடியும்வரை பையைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ கட்டுகிறவர் என்று அப்புறம்தான் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

ஞானஒளிவுபுரம்:
நான் கத்தோலிக்கம். பூசைக்கு நடுவில் ஒரு பாட்டி முந்தானைக்குள் பிஸ்கட் கடிப்பதைப் பார்த்தேன். நன்மை (திவ்ய அப்பம்) வாங்க எழுந்தபோது கையைப் பிடித்து, "சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகலையே பாட்டி" என்றேன். "சுகரும்மா, தலை சுத்துச்சு" என்றவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாட்டுப் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்தபடி இருந்தார். நன்மை வாங்குமுன் சாப்பிடாமல் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயமில்லை என்று திருச்சபைச் சட்டம் 919-லேயே இருக்கிறதாம், பிறகு பங்குச் சாமியார் சொன்னார். சட்டமும் தெரியாமல் போலீஸ் வேலை பார்த்திருக்கிறேன்.

கமிட்டி12:
முதல் பதிவு போட்ட சகோதரிக்கு. நீங்கள் செய்ததில் தப்பில்லை, செய்த விதம்தான் தப்பு. ஒழுங்கு இல்லாமல் சபை நடக்காது. நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), பன்னிரண்டு வருடம் கமிட்டியில் இருந்தவன். வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டில் ஈரத்துணி விரித்து வையுங்கள், பூ வாடாது. டோக்கன் கொடுத்தால் மாறிப்போகாது. வாசலில் வயதில் மூத்தவர்களை நிறுத்துங்கள், இளசுகளுக்குப் பேசத் தெரியாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மூன்று வாரம் விலக்கு கொடுத்து, பிறகு போதகர் வீட்டுக்கே போய் எடுத்துச் சொல்லலாம். எழுதியும் ஒட்டலாம், ஆனால் கேட் பக்கம் வேண்டாம்.
என் கதை சின்னது. ஒரு சாவு வீட்டில் சபைச் சந்தா பாக்கி இருந்தது. அடக்கத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் ரசீது புத்தகத்தை எடுத்து வைத்தேன். மகன் பணத்தை எண்ணாமல் கொடுத்தான்.

ஞானஒளிவுபுரம்:
தட்டும் டோக்கனுமா? ஐயா, 1 தீமோத்தேயு 2:9-ஐ எடுத்துப் பாருங்கள். மயிர்ப்பின்னல், பொன், முத்து, விலையுயர்ந்த உடை என்றுதான் இருக்கிறது. மல்லிகை எங்கே இருக்கிறது? 1606-இல் இதே மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நோபிலி, இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைச் சாமியார், காவி உடுத்தினார், கிறிஸ்தவர்களாக மாறியவர்கள் குடுமியையும் சந்தனத்தையும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். அதற்கு அவர் மேலேயே பிராது போய், 1623-இல் ரோமே சம்மதித்தது. நீங்கள் பூவுக்கு டோக்கன் போடுகிறீர்கள்.

கமிட்டி12:
அது உங்கள் ஆட்கள் கதை. குடுமியை வெட்டினால்தான் கிறிஸ்தவன் என்று நானும் சொல்லவில்லை. நோபிலி சாதியையும் சேர்த்துத்தான் விட்டுவைத்தார், அதையும் எழுதுங்கள்.

ஞானஒளிவுபுரம்:
அது நியாயம்தான். ஆனாலும் அந்த ரசீது புத்தகம்?

(பதில் வரவில்லை.)

திருநகர்க்காரி:
சண்டை வேண்டாம். போன வாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். தேடித்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழம் கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. முழங்கையில் அளந்துகொண்டே, "வாங்கிட்டு எங்கம்மா வச்சுக்குவீங்க, உங்க கோயில்ல கூடாதே?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார்.