புரோட்டஸ்ட் போட்டது நான், மாட்டியதும் நான்

டிராக் ரேஸில், அதாவது இரண்டு வண்டி நேர்கோட்டில் மோதும் பந்தயத்தில், டெக் பரிசோதனையில் (வண்டி விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பது) நின்ற கதை, புரோட்டஸ்ட் (அடுத்தவர் வண்டி மேலோ முடிவின் மேலோ புகார்) கொடுத்த கதை, வாங்கிக் கட்டிக்கொண்ட கதை எது இருந்தாலும் இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

165 சிசி வரையிலான ஃபோர் ஸ்ட்ரோக் பைக் கிளாஸ், 402 மீட்டர். அரையிறுதியில் பக்கத்து லேன்காரர் 15.41 நொடி, நான் 15.62. அவர் வண்டியின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. சத்தத்தை வைத்தே சிசி சொல்லிவிடுவேன் என்று அப்போது எனக்கு ஒரு நினைப்பு. புரோட்டஸ்ட் என்றால் முடிவுத் தாளை ஒட்டிய அரை மணிக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கூடவே கட்டணமும் கட்ட வேண்டும். பத்தே நிமிடத்தில் கொடுத்துவிட்டேன். வண்டி விதிக்கு உட்பட்டது என்று தெரிந்தால் அந்தப் பணம் அவருக்கு, இன்ஜினைத் திறந்தால் மாற்ற வேண்டிய கேஸ்கெட் (இணைப்பில் வைக்கும் அடைப்புத் தகடு) செலவுக்கு. அந்த வரியை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. பணம் திரும்பி வரும் என்றுதான் நம்பிக்கை.

அவர் கத்தவில்லை. தாளை வாங்கிப் படித்துவிட்டு, “சரி, திறக்கட்டும். அவர் வண்டியையும் திறக்கச் சொல்லி நானும் எழுதித் தரேன்” என்றார். எனக்கென்ன பயம்? தாராளமாக என்றேன்.

திறக்க வேண்டியது அவரவர் மெக்கானிக், அளப்பது மட்டும் அதிகாரி. இன்ஜின் ஆறட்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தார்கள். அப்புறம் டேங்க் இறங்கியது, டேப்பட் கவர், கேம் செயின், ஹெட். அவர் வண்டியில் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 60 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 58 மி.மீ. அளந்தவர் கிழிந்த கேஸ்கெட்டின் அட்டைப் பெட்டியில் பேனாவால் கணக்குப் போட்டார்: 164.0 சிசி. சுத்தம்.

என் ஹெட்டைத் தூக்கினார்கள். பிஸ்டன் தலையில் கரி படிந்திருந்தது. அதிகாரி துணியைப் பெட்ரோலில் நனைத்து ஒரு முறை துடைத்தார். கரிக்கு அடியிலிருந்து “0.25” என்ற எழுத்து மெதுவாகத் தெரிந்தது. போர் கேஜைக் கையில் எடுக்கும் முன்பே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

முந்தைய சீசனில் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடி இன்ஜின் சீஸ் ஆனது, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. சிலிண்டரின் உள்சுவரான லைனரில் கோடு விழுந்ததால் அதைக் கடைந்து போர் போட்டு, கால் ஓவர்சைஸ் (0.25 மி.மீ. பெரிய) பிஸ்டன் மாட்டச் சொன்னதே நான்தான். 60 மி.மீ. போர் 60.25 ஆனது. அது 165.4 சிசி. ‘என் வண்டி 164’ என்று பழைய எண்ணையே மனதில் வைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க ஓட்டியிருக்கிறேன்! 165-க்குள் அடங்க போர் 60.18-க்கு மேல் போகக் கூடாது. நான் தாண்டியது 0.07 மி.மீ., ஒரு தலைமுடி கனம். மயிரிழையில் தோற்பது என்று சும்மா சொல்லவில்லை. தகுதி நீக்கம் செய்தார்கள், அன்று எடுத்த புள்ளியும் போனது. சலுகை கொடுங்கள் என்று நானும் கேட்கவில்லை. வரம்பு என்றால் வரம்புதான்.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. டைம் ஸ்லிப், அதாவது ஓட்டத்தின் நேரமும் வேகமும் அச்சடித்த சீட்டு, என் சட்டைப்பையில்தான் இருந்தது. முதல் 60 அடியில் அவர் 2.04, நான் 2.24. அங்கேயே 0.20 நொடி போய்விட்டது. கடைசிக் கோட்டில் வித்தியாசம் 0.21. அந்தக் கோட்டைத் தாண்டிய வேகமும் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று. பவர் கூடுதலாக இருந்தால் வேகத்தில் தெரியும், வித்தியாசமும் போகப் போக விரியும். இங்கே அவர் ஜெயித்தது பின் ஸ்ப்ராக்கெட்டிலும் கிளட்ச் விட்ட விதத்திலும். இரண்டுமே விதிக்குள். அந்தச் சீட்டை இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் புரோட்டஸ்ட் தாளைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

* * *

நான் டெக்கில் உட்காரும் ஆள், கார் பக்கம். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. புரோட்டஸ்ட் விஷயத்தில் நண்பர் எழுதியது சரி, ஆனால் காலையில் நடக்கும் பரிசோதனை வேறு ஜாதி. அது அடுத்தவரைப் பிடிக்க இல்லை, ஓட்டுபவர் உயிரோடு வீடு போய்ச் சேர.

அடிக்கடி சண்டை வருவது ஹெல்மெட்டில். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பு) விதியில் 13.99 நொடியோ அதைவிட வேகமோ ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். ‘புது ஹெல்மெட் சார்’ என்பார்கள். உள்ளே லைனிங்கைத் தூக்கினால் ஸ்னெல் (ஹெல்மெட் தரச்சான்று) ஸ்டிக்கரில் ‘எம்’ என்று இருக்கும். அது பைக்குக்கானது. ‘எஸ்ஏ’ என்றால் தீப்பிடிக்கும் சோதனையும் சேர்த்துச் செய்தது. காருக்குள் தீ வந்தால் அந்த இரண்டு எழுத்தின் அருமை தெரியும்.

மறக்க முடியாத ஒன்று. பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய கார். அப்படி மாற்றினால் பின்பக்கம் வெளியே ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வேண்டும். இருந்தது, ‘ஆஃப்’ என்று எழுதியும் இருந்தது. பெயின்ட் கூட அழகு. ‘ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி’ என்றேன். இன்ஜின் ஓடும்போது ஸ்விட்சை அமுக்கினேன். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது! பேட்டரி துண்டானது, ஆனால் ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கவிழ்ந்து கிடக்கும் வண்டியில் பின்னால் ஓடி வருபவர் அமுக்குவதற்குத்தான் அந்த ஸ்விட்ச். அமுக்கியும் பெட்ரோல் பம்ப் ஓடினால் அது வெறும் அலங்காரம். பையன் முகம் செத்துப்போனது. ‘நேற்று ராத்திரி மூணு மணி வரை வயர் இழுத்தேன் அண்ணா’ என்றான். ஆல்டர்னேட்டர் வயரையும் ஸ்விட்ச் வழியாகவே கொண்டுபோகச் சொன்னேன். மதியத்துக்குள் செய்துவிட்டு வந்தான். மறுபடி அமுக்கினேன், சட்டென்று நின்றது. ஸ்டிக்கர் ஒட்டினேன்.

வீல் நட், கூலன்ட் வழிந்தால் பிடிக்க ஒரு பாட்டில், ஆக்சிலரேட்டர் விட்டால் திரும்பி வரும் ஸ்பிரிங். இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. இதற்கும் கோபப்படுபவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

* * *

பிராக்கெட் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கேஸ்கெட் தொல்லை அவ்வளவு இல்லை. நம் நேரத்தை நாமே எழுதி ஒட்டுகிறோம், அதைவிட வேகமாக ஓடினால் பிரேக்-அவுட், தோல்வி. பெரிய இன்ஜின் வைத்து என்ன லாபம்?

ஆனாலும் நான் ஒரு புரோட்டஸ்ட் போட்டிருக்கிறேன், ஸ்டார்ட் லைட் மேல்! பச்சைக்கு முன்னால் எனக்குச் சிவப்பு விழுந்தது, நான் நகரவே இல்லை என்று சத்தியம் செய்தேன். யாரோ எடுத்த வீடியோவில் பார்த்தால் முன் டயர் ஸ்டேஜ் பீமில் (ஸ்டார்ட் கோட்டில் வண்டி நிற்பதைக் காட்டும் ஒளிக்கதிர்) ரொம்ப உள்ளே நிற்கிறது. வழக்கமாக நிற்கும் இடத்தை விட ஒரு சாண் முன்னால். பீமை விட்டு வெளியே வர டயர் கொஞ்சம் உருண்டாலே போதும். ரெவ் ஏற்றியபோது அந்தக் கொஞ்சம் உருண்டுவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். கட்டணம் கேட்கவில்லை, அதுவரை தப்பித்தேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். சூட்டோடு அளந்தால் போர் பெரிதாகக் காட்டுமே, அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். உலோகம் விரியும், உண்மைதான். ஆனால் அதற்காகத்தானே ஆற வைத்தார்கள். கையை வைத்தால் சுடாத நிலையில்தான் கேஜ் உள்ளே போனது. மேலும் அந்த ‘0.25’ பிஸ்டனில் அச்சடித்தது, சூட்டில் வந்ததில்லை.

இப்போது புது லைனர், ஸ்டாண்டர்ட் பிஸ்டன். மாட்டுவதற்கு முன் நானே அளந்து பார்த்தேன், 60.00. இன்ஜினைப் பூட்டும்போது ஒரு கேஸ்கெட் குறைந்தது. அதே பக்கத்து லேன்காரரிடம்தான் போய்க் கேட்டேன். “நீங்க கட்டின காசுல ரெண்டு செட் வாங்கினேன்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.