தலைப்பில் டிரான்ஸ்பொசிஷன், உள்ளே வெறும் இணைப்பு: 36819-ஆ, 36821-ஆ?

குழித்துறை ஜெபா:
மெடிக்கல் கோடிங் வேலையில் ஒரு சந்தேகம். அமெரிக்க நோயாளியின் சார்ட் ஒன்று, பில்லுக்காக அறுவைக்குக் கோடு எண் கொடுக்க வேண்டும். ஆபரேடிவ் நோட்டின் (டாக்டர் எழுதும் அறுவைக் குறிப்பு) தலைப்பில் 'இடது கை பேசிலிக் வெயின் டிரான்ஸ்பொசிஷன் ஃபிஸ்டுலா' என்று இருக்கிறது, அதாவது டயாலிசிஸுக்காக வெயினை (சிரை) இடம் மாற்றி ஆர்ட்டரியோடு (தமனி) இணைப்பது. 36819 கொடுத்தேன். கோடிங்கைச் சரிபார்க்கும் ஆடிட்டர் 36821 என்று மாற்றி, என் பேரில் பிழை போட்டுவிட்டார். கையெழுத்துப் போட்ட டாக்டரைவிட ஆடிட்டருக்கு அதிகம் தெரியுமா?

பாறசாலை ரதி:
தலைப்பு இருக்கட்டும் தம்பி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது?

குழித்துறை ஜெபா:
முழங்கை மடிப்பில் வெட்டி, வெயினைப் பிரித்து, பிரேக்கியல் ஆர்ட்டரியோடு 6-0 புரோலின் நூலில் தைத்திருக்கிறார். த்ரில் (ரத்தம் பாயும் அதிர்வு) நன்றாக இருந்தது, தோலை மூடியாச்சு. அவ்வளவுதான் அக்கா.

பாறசாலை ரதி:
அப்போது 36821தான். பேசிலிக் வெயின் மேல் கையின் உட்பக்கம் ஆழத்தில் ஓடுகிறது, ஒட்டியே நரம்பும் போகிறது. அங்கேயே விட்டால் டயாலிசிஸ் ஊசிக்கு எட்டாது. அதனால் அக்குள் பக்கம் வரை வெயினை விடுவித்து, கிளைகளைக் கட்டி, தோலுக்கு அடியில் புதுப் பாதை போட்டுக் கொண்டுவந்து இணைக்கிறார்கள். 36819 அந்த வேலைக்கு. என் சித்தப்பாவை நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகிறோம். அவர் கையில் முழங்கையிலிருந்து அக்குள் வரை தழும்பு. இந்த நோட்டின் டாக்டரும் அத்தனையும் செய்திருந்தால் ஒரு வரிகூட எழுதாமல் விடுவாரா? இருக்கிற இடத்திலேயே நேராகச் சேர்த்தால் 36821. 1966-இல் சிமினோ குழுவினர் மணிக்கட்டில் செய்து வெளியிட்டதும் இந்த வகைதான்.

குழித்துறை ஜெபா:
டிக்டேட் செய்யும்போது விடுபட்டிருக்கலாமே? செய்த வேலைக்குப் பணம் குறைந்தால் அதுவும் அநியாயம். ஐசிடி-10-பிசிஎஸ் (மருத்துவமனையில் உள்நோயாளிக்குச் செய்யும் சிகிச்சைகளுக்கான கோடு முறை) வழிகாட்டியின் ஏ11 விதிப்படி, டாக்டர் கோடிங் சொற்களில் எழுத வேண்டியதில்லை, கோடரே தீர்மானிக்கலாம்.

வாளையார் மணி:
ஏ11 பிசிஎஸ்ஸுக்கு. 36819 சிபிடி, அதாவது டாக்டர் செய்யும் வேலைக்கான வேறு கோடு முறை. அதோடு, 'பார்ஷியல் ரிசெக்‌ஷன்' என்று எழுதியிருந்தால் அதை எக்சிஷன் (ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது) என்று எடுத்துக்கொள்ளத்தான் ஏ11 இடம் தருகிறது. எழுதாததைச் சேர்க்க இடம் தரவில்லை. இன்னொன்று, சில டாக்டர்கள் இதை இரண்டு கட்டமாகச் செய்வார்கள்: முதலில் இணைப்பு மட்டும், வெயின் தடித்து வளர்ந்த பிறகு மேலே கொண்டுவருவது. முழுத் திட்டத்தின் பெயரும் தலைப்பில் ஏறியிருக்கலாம். டாக்டருக்கு க்வெரி அனுப்பு, விளக்கம் கேட்டு.

குழித்துறை ஜெபா:
க்வெரி போட்டால் பதில் வரும்வரை சார்ட் ஹோல்டில் கிடக்கும், டார்கெட் அடிபடும். சரி, 'டிரான்ஸ்பொசிஷன் விவரம் விடுபட்டுள்ளது, சேர்க்கவும்' என்று அனுப்பட்டுமா?

பாறசாலை ரதி:
வேண்டவே வேண்டாம். அது பதிலை நாமே எடுத்துக்கொடுப்பது. இப்படிக் கேள்: 'தலைப்பில் டிரான்ஸ்பொசிஷன் என்றும், விவரத்தில் முழங்கையில் இணைப்பு மட்டும் என்றும் உள்ளது. இந்த அறுவையில் செய்தது எது என்று தெளிவுபடுத்தவும்.' கோடு, தொகை இரண்டையும் பற்றிப் பேச்சே கூடாது.

குழித்துறை ஜெபா:
அப்படியே அனுப்புகிறேன். ஆனால் பிழை போட்டதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தலைப்பும் விவரமும் முரண்படுகிறது என்றால் ஆடிட்டரும் க்வெரி கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர் நேராக 36821 போட்டது எப்படிச் சரி?

வாளையார் மணி:
அது நியாயமான கேள்வி. ஆடிட்டருக்கு அனுப்பும் ரீபட்டலில் (மறுப்புக் கடிதம்) அதையே எழுது. க்வெரிக்குப் பதில் வரும்வரை பிழையை நிறுத்திவைக்கச் சொல்.

பாறசாலை ரதி:
நிறுத்திவைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நோட் இப்படியே இருந்தால் மட்டும் 36819-க்கு நான் கை தூக்க மாட்டேன்.