பி.எச்.பி.: விலை ஆயிரத்தைத் தாண்டினால் சீட்டில் நான்கு ரூபாய், கமிஷனும் கழியவில்லை

பூக்கடைப் பிள்ளை:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பா கமிஷன் கடை வைத்திருக்கிறார். விவசாயிகளுக்குச் சீட்டு அச்சிட நானே பி.எச்.பி. 8 என்ற நிரல்மொழியில் நிரல் எழுதினேன். மதிப்புகளை வைத்திருக்கும் வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர்: $எடை, $விலை, $கமிஷன். கோப்பின் தொடக்கத்தில் $கமிஷன் = 10 (நூற்றுக்குப் பத்து); கணக்குப் போடும் ஃபங்ஷன், அதாவது தனிப் பெயரிட்ட நிரல் பகுதி, அதற்குக் கீழே.

நான்கு கிலோ மல்லி, கிலோ 980 என்றால் 3,920 வருகிறது. கமிஷன் 392 கழியவில்லை. நேற்று முகூர்த்த நாள், விலை ஏறியது. அப்பா கைப்பழக்கத்தில் 1,250 என்று காற்புள்ளியோடு தட்டினார். உசிலம்பட்டிப் பக்கமிருந்து விடியற்காலை பஸ்ஸில் மூட்டையோடு வந்த பெரியவர் கையில் நான்கு ரூபாய்க்குச் சீட்டு! அவர் ஒன்றும் பேசாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஃபங்ஷனுக்குள் $_போஸ்ட்டிலிருந்து (படிவத்தில் தட்டியவை வந்து சேரும் இடம்) விலையை எடுக்க முடிகிறது. $கமிஷன் மட்டும் ஏன் தெரியவில்லை?

திருமங்கலத்தான்:
ஃபங்ஷனின் முதல் வரியில் 'குளோபல் $கமிஷன்' என்று எழுதுங்கள். கமிஷன் கழியும்.

பசுமலை அக்கா:
தம்பி, குளோபல் போட்டால் இன்றைக்கு ஓடும். நாளை பிச்சிக்கு வேறு விகிதம் வைத்தால், மதிப்பை எந்த வரி மாற்றியது என்று கோப்பு முழுக்கத் தேடுவீர்கள். நான் அப்படித் தேடி ஒரு தீபாவளியை இழந்திருக்கிறேன். ஃபங்ஷனை அழைக்கும்போதே மதிப்பைப் பாராமீட்டராக அனுப்புங்கள்.

வெளியே இருக்கும் $கமிஷனும் உள்ளே இருக்கும் $கமிஷனும் பெயரில் ஒன்று, ஆள் வேறு. உள்ளே இருப்பதற்கு மதிப்பே கொடுக்கவில்லை, பெருக்கும்போது சுழியமாகிறது. $_போஸ்ட் சூப்பர்குளோபல், அதனால் எங்கும் தெரியும்.

நான்கு ரூபாய் வேறு நோய். படிவத்தில் தட்டுவது எண்ணே ஆனாலும் எழுத்துச் சரமாகத்தான் வந்து சேரும். '1,250'-ஐப் பெருக்கச் சொன்னால் பி.எச்.பி. காற்புள்ளிவரை படித்து 1 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுக்குமே எச்சரிக்கை உண்டு; உங்கள் சர்வரில் பிழைகளைத் திரையில் காட்டும் டிஸ்பிளே_எரர்ஸ் அமைப்பு அணைந்திருக்கும், பிழைப் பதிவைத் திறந்து பாருங்கள். சரத்தை ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) நேரே மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள்: அப்போதும் 1 தான், எச்சரிக்கைகூட வராது. முதலில் காற்புள்ளியை நீக்குங்கள், எண்தானா என்று இஸ்_நியூமெரிக் வைத்துச் சோதியுங்கள், பிறகு மாற்றுங்கள். வகையைக் கறாராகப் பார்க்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட்_டைப்ஸ் = 1 அறிவித்து பாராமீட்டர்களுக்கு ஃப்ளோட் என்று வகை குறித்தால், சரத்தோடு அழைத்த இடத்திலேயே நிரல் நின்றுவிடும். ஆனால் பெருக்கல் குறியை அது கண்காணிக்காது.

பூக்கடைப் பிள்ளை:
நன்றி அக்கா. பிழைப் பதிவில் இரண்டு எச்சரிக்கைகளும் வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு வாரமாகக் குவிந்தவை. காற்புள்ளியை நீக்கி, எடை, விலை, கமிஷன் மூன்றையும் பாராமீட்டராக மாற்றிவிட்டேன். அப்பாவையே மறுபடி 1,250 என்று தட்டச் சொன்னேன்: தொகை 5,000, கமிஷன் 500, விவசாயிக்கு 4,500. பெரியவருக்கு நேற்றே கையால் சீட்டு எழுதிப் பணம் கொடுத்துவிட்டோம். நாளைக் காலை அவர் வந்ததும் அச்சிட்ட சீட்டையும் கொடுப்பேன்.