அம்மாவுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை, வீட்டில் குழந்தை இருக்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்குத் தைராய்டு புற்றுநோய், சுரப்பியை எடுத்தாகிவிட்டது, மிச்சம் இருக்கும் செல்களை அழிக்க அடுத்த மாதம் அயோடின் 131 மாத்திரை கொடுக்கப் போகிறார்கள். முன்பு எலும்பு ஸ்கேனுக்கு டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போட்டபோது அவ்வளவு பயமில்லை, அதன் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 6 மணி நேரம்தான். இதற்கு 8 நாள்! உடம்பில் தங்காதது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடுமாம், அதனால் கழிப்பறை விஷயத்தில்தான் கவனம் வேண்டும் என்கிறார் டாக்டர்.

என் 2 வயது மகள் பாட்டி மடியை விட்டு இறங்கவே மாட்டாள். அதுதான் பெரிய கவலை. இந்தச் சிகிச்சை எடுத்தவர்கள் வீட்டில் குழந்தையை எத்தனை நாள் தள்ளி வைக்கச் சொன்னார்கள், எப்படிச் சமாளித்தீர்கள்? அப்புறம், துணிகளைத் தனியாகத் துவைத்தீர்களா? மாத்திரைக்கு முன் அயோடின் குறைந்த சாப்பாடு சொல்லியிருக்கிறார்கள், அயோடின் சேர்க்காத உப்பு தவிர வேறு எதையெல்லாம் மாற்றினீர்கள்? டாக்டர் பேச்சை மீற மாட்டோம், ஆனாலும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் அம்மாவுக்கும் தைரியம் வரும்.