மாமனார் மாமியாரோட டென்ட் கேம்பிங்: ஃப்ரீயா காட்டுக்குள்ளயா, காசு கட்டி கேம்ப்கிரவுண்டா?

ஃப்ரிமாண்ட்_அம்மா:
வணக்கம் மக்களே, நாங்க கலிஃபோர்னியால ஃப்ரிமாண்ட்ல இருக்கோம், ஜூன் கடைசில ஊர்ல இருந்து மாமனார் மாமியார் வர்றாங்க, ரெண்டு மாசம் இருப்பாங்க. மாலும் கோயிலும் காட்டியே ரெண்டு மாசத்த ஓட்ட முடியாது, அதனால ஜூலைல ஒரு ரெண்டு ராத்திரி டென்ட்ல தங்கலாம்னு இருக்கோம். பையனுக்கு 6 வயசு. மாமனாருக்கு முட்டி வலி, ராத்திரி ரெண்டு மூணு தடவ பாத்ரூம் போக எந்திரிப்பார், ஆனா ஊர்ல கொல்லிமலை, ஏற்காடுனு சுத்துனவர், காடுன்னா உசுரு. மாமியார் முதல்ல கேட்டதே "அங்க கக்கூஸ் எப்படி"ன்னுதான்.

எங்க வீட்டுக்காரரோட ஆபீஸ் ஃப்ரெண்ட் என்ன சொல்றார்னா, கேம்ப்கிரவுண்டுக்கு எதுக்கு தண்டமா காசு, நேஷனல் ஃபாரஸ்ட்ல, அதாவது அரசாங்கக் காட்டுல, ரோட்டோரமா எங்க வேணா டென்ட் அடிச்சுக்கலாம், பைசா கிடையாது, கூட்டம் கிடையாதுங்கறார். இவரும் அதக் கேட்டுட்டு குதிக்கறார். யோசமிட்டி நேஷனல் பார்க் கேம்ப்கிரவுண்டுல நான் இடம் பார்த்தேன், ஜூலை வீக்கெண்ட் ஒண்ணு கூட இல்ல. நாங்க இதுக்கு முன்னாடி ஒரு பெரிய குரூப்போட ஒட்டிக்கிட்டு போனதுதான், இடம் பார்க்கறது, புக் பண்றது எல்லாம் அவங்களே பார்த்துகிட்டாங்க. இடத்த எத வச்சு முடிவு பண்றது, கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

டென்ட்டு_மாமா:
உங்க வீட்டுக்காரர் ஃப்ரெண்டு சொல்றது பொய் இல்லம்மா, ஆனா பாதிதான் சொல்லிருக்கார். டிஸ்பர்ஸ்டு கேம்பிங்னு சொல்லுவாங்க, நேஷனல் ஃபாரஸ்ட் நிலத்துல நிறைய இடத்துல ஃப்ரீயா தங்கலாம், பொதுவா 14 நாள் வரைக்கும் விடுவாங்க. ஆனா "எங்க வேணா" கிடையாது. எந்த மண் ரோட்டுல வண்டி போகலாம், எந்த ரோட்டோரம் டென்ட் போடலாம்னு ஃபாரஸ்ட் சர்வீஸே ஒரு மேப் போட்டு ஃப்ரீயா தர்றாங்க, மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்னு பேரு, அதப் பாக்காம கூகுள் மேப்ப நம்பிப் போனா உங்க மினிவேன் அடி தட்டுற ரோட்டுல கொண்டு போய் விட்டுரும். அப்புறம் நேஷனல் பார்க் வேற, நேஷனல் ஃபாரஸ்ட் வேற. யோசமிட்டி பார்க்குக்குள்ள ரோட்டோரமா டென்ட் போடவோ கார்ல தூங்கவோ விட மாட்டாங்க, அத சுத்தி இருக்கற ஸ்டானிஸ்லாஸ், சியரா ஃபாரஸ்ட்லதான் இந்த ஃப்ரீ கதை எல்லாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஃப்ரீ இடத்துல நிலம் மட்டும்தான் ஃப்ரீ, மத்த எல்லாத்தையும் நீங்கதான் தூக்கிட்டுப் போகணும். தண்ணி கிடையாது, குடிக்க சமைக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் வேணும், பாத்திரம் கழுவ கை கால் கழுவ தனி, அப்ப அஞ்சு பேருக்கு ரெண்டு நாளுக்கு எவ்வளவு கேன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. குப்பைத்தொட்டி கிடையாது, எல்லாத்தையும் திருப்பி எடுத்துட்டு வரணும். டாய்லெட் கிடையாது, தண்ணி ஓடற இடத்துல இருந்து 200 அடி தள்ளி, அதாவது பெரியவங்க நடையில ஒரு எழுபது ஸ்டெப் வச்சு நடந்து போய், 6ல இருந்து 8 இஞ்ச் ஆழம் குழி தோண்டி, வேலைய முடிச்சு மூடணும். முட்டி வலி உள்ளவரு ராத்திரி மூணு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமா போய் குத்த வைக்கறத யோசிச்சுப் பாருங்க. மாமியார் அடுத்த ஃப்ளைட்ட புடிச்சிருவாங்க.

அதனால என் வழி இதுதான்: கூட வர்றவங்கள்ல யாருக்கு ரொம்ப கஷ்டமோ அவங்களோட ராத்திரிய வச்சு இடத்த தேர்ந்தெடுக்கணும், வியூவ வச்சு இல்ல. உங்க கேஸ்ல அது மாமனாரோட முட்டி. ஸோ பாத்ரூம், தண்ணிக் குழா, சமமான தரை, பக்கத்துலயே கார் பார்க்கிங், இந்த நாலும் இருக்கற கேம்ப்கிரவுண்டாப் பாருங்க.

மலைமந்தி:
மாமா சொல்றதுல பாதிக்கு மேல ஒத்துக்கறேன் ஆனா கேம்ப்கிரவுண்டுன்னா ஏதோ சொர்க்கம்ங்கற மாதிரி பேசறதுதான் இடிக்குது. ஜூலை நாலாம் தேதி வாக்குல பெரிய கேம்ப்கிரவுண்டுல தங்கிப் பாருங்க, பக்கத்து சைட்டுல, அதாவது பக்கத்துல டென்ட் போடற இடத்துல, ஆர்விங்கற வீட்டு வண்டியோட ஜெனரேட்டர், அந்தப் பக்கம் ஸ்பீக்கர், ராத்திரி 10 மணிக்கு மேல சத்தம் போடக் கூடாதுன்னு ரூல் இருக்கு, ரேஞ்சர் வந்து சொன்னாத்தான் அடங்குவாங்க. எங்க பொண்ணு சின்னவளா இருந்தப்ப காட்டுல தனியா போட்ட டென்ட்லதான் நிம்மதியா தூங்குவா. குழந்தை மட்டும்னா நான் கண்ணை மூடிட்டு டிஸ்பர்ஸ்டுதான் சொல்லுவேன், ஒரு மடக்கு டாய்லெட் பக்கெட்டும் சின்ன பாத்ரூம் டென்ட்டும் வாங்கிட்டா அந்தப் பிரச்சனையும் பாதி தீர்ந்துது.

ஆனா மாமா நடுவுல ஒரு வகை இருக்கறத விட்டுட்டார். ஃபாரஸ்ட் சர்வீஸோட சின்ன கேம்ப்கிரவுண்டு, பத்து இருபது சைட்டுதான் இருக்கும், ஃப்ளஷ் இருக்காது, குழி மேல கட்டின வால்ட் டாய்லெட்டு, நம்ம உசரத்துக்கு சீட்டு இருக்கும், கைப்பிடியும் பெரும்பாலும் இருக்கும், நல்ல பராமரிப்புன்னா நாத்தம் கூட அவ்வளவா வராது. டேபிள், நெருப்பு வளையம் உண்டு. தண்ணி சில இடத்துல உண்டு சில இடத்துல கிடையாது, அத மட்டும் புக் பண்ற பக்கத்துல பார்த்துக்கோங்க. ஷவர் கிடையாதுங்கறதாலயே பெரிய கூட்டம் அந்தப் பக்கம் வராது. சிலதுல பாதி சைட்டு முதல்ல வர்றவனுக்குத்தான், வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னாடியோ போனா கிடைக்கும், வெள்ளி ராத்திரி ஒம்பது மணிக்குப் போய் நின்னா நஹி.

காட்டுல போடறதா இருந்தா இன்னொரு விஷயம், கலிஃபோர்னியால கேம்ப்கிரவுண்டுக்கு வெளிய கேம்ப்ஃபயர் பெர்மிட் வேணும். ஆன்லைன்ல ஒரு சின்ன வீடியோ பார்த்துட்டு நாலு கேள்விக்குப் பதில் சொன்னா ஃப்ரீயா தருவாங்க. விறகு நெருப்புக்கு மட்டும்னு நினைச்சுராதீங்க, டீ போடற கேஸ் ஸ்டவ்வுக்கும் அது வேணும். நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது.

குளிர்தாங்காதவன்:
உயரத்தப் பத்தி யாருமே பேசலையே? ஜூலைல ஃப்ரிமாண்ட்ல 80 டிகிரி அடிக்குதேன்னு ஸ்வெட்டர் இல்லாம கிளம்பிராதீங்க. ஆயிரம் அடி ஏறினா சுமாரா மூணரை டிகிரி ஃபாரன்ஹீட் கொறையும், 8000 அடில ஜூலை ராத்திரியே நடுங்கும், ஊர்ல இருந்து வந்தவங்களுக்கு அது மார்கழி மாசம் மாதிரி. அதோட சியரா மலைல ஏரியோரம் பனி உருகி முடியற வரைக்கும், அதாவது ஜூலை பாதி வரைக்கும், கொசு மொய்க்கும். பெரியவங்களக் கூட்டிட்டுப் போறவங்க 4000ல இருந்து 6000 அடிக்குள்ள பாருங்க, அதுக்குக் கீழ வெயில் வறுக்கும், தொட்டா அரிக்கற பாய்சன் ஓக் செடியும் கிடக்கும், அதுக்கு மேல குளிர்.

இன்னொண்ணு, புல்வெளி ஓரத்துல பள்ளத்துல டென்ட் போட்டா ஃபோட்டோக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா குளிர்ந்த காத்து கீழ இறங்கி அங்கதான் தேங்கும், காலைல டென்ட் உள்பக்கம் பூரா தண்ணி சொட்டும். கொஞ்சம் மேடா, காலை வெயில் சீக்கிரம் விழற இடமாப் பாருங்க. மாமனாருக்கு தரைல படுக்கை வேண்டாம், மடக்குக் கட்டில் வாங்குங்க, எந்திரிக்க வசதி. அடில குளிர் ஏறாம இருக்க கட்டில் மேலயும் ஒரு ஃபோம் மேட் போடணும், வெறும் கட்டில்ல கீழ இருந்து காத்து புகுந்து விறைச்சுரும்.

செலவு கொறைக்கணும்னா மாமனாருக்கு சீனியர் பாஸ் எடுத்துருங்க, ஃபெடரல் கேம்ப்கிரவுண்டுல பாதி விலை.

டென்ட்டு_மாமா:
தம்பி, சீனியர் பாஸ் 62 வயசு ஆன சிட்டிசனுக்கும் க்ரீன் கார்டு வச்சிருக்கறவங்களுக்கும்தான். விசிட்டர் விசால வர்றவங்களுக்கு கிடையாது. ஸ்டேட் பார்க்ல எப்படியும் அது செல்லாது.

ஸ்கார்பரோ_பெடியன்:
நான் கனடாப் பக்கம், உங்கட இடங்கள் எனக்குத் தெரியாது, ஆனா அம்மா அப்பாவக் கூட்டிக்கொண்டு போற பிரச்சினை எல்லா இடமும் ஒண்டுதான் போல. இஞ்ச ஒன்ராறியோவிலயும் கிரவுன் லாண்ட் எண்டு சொல்லி அரசாங்கக் காணி கிடக்கு, கனடாவில இருக்கிற ஆக்கள் ஒரு இடத்தில 21 நாள் வரைக்கும் காசு கட்டாமல் தங்கலாம். நாங்கள் பெடியள் மட்டும் போனால் அங்கதான் போறது. அம்மாவ ஏத்தினால் புரோவின்ஷியல் பார்க்தான், அதிலயும் நான் சைட் எடுக்கிற விதம் ஒண்டு சொல்லுறன்.

புக் பண்ணேக்க வரைபடத்தில பாத்ரூமுக்கு ஒட்டின சைட்ட எடுக்காதேங்கோ. விடிய விடிய கதவு அடிபடும், லைட் எரியும், ஆக்கள் உங்கட சைட்டுக்குள்ளால குறுக்க நடப்பினம். ரெண்டு மூண்டு சைட் தள்ளி எடுங்கோ, வயசான ஆக்களும் நடக்கலாம், சத்தமும் இல்ல. வளைவு திரும்பிற இடத்தில இருக்கிற சைட்டும் வேண்டாம், வாற கார் எல்லாத்தின்ர லைட்டும் உங்கட டென்டுக்குள்ளதான் விழும். சைட்டின்ர படம் போட்டிருப்பினம், அதில நிலம் சரிவோ எண்டு பாருங்கோ. டென்ட் மட்டும் போடுற பகுதி எண்டு தனிய இருந்தால் அதை எடுங்கோ, ஜெனரேட்டர் சத்தம் இராது. "வோக் இன்" எண்டு போட்டிருந்தால் காரை விட்டிட்டு சாமான் காவிக்கொண்டு நடக்கோணும், அப்பாவின்ர முழங்காலுக்கு அது சரிவராது.

ஃப்ரிமாண்ட்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ்! வால்ட் டாய்லெட் ஃபோட்டோவ மாமியாருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன், "ஃப்ளஷ் உள்ளதே பாரும்மா"ன்னு ஒரே வரி. ஸோ அந்த நடு வகை அவுட். இவரும் அதக் கேட்டுட்டு அடங்கிட்டார் 😀

அப்ப ஃப்ளஷ்ஷும் ஷவரும் இருக்கற மாதிரி, 4000 அடிக்கு மேல, ஃப்ரிமாண்ட்ல இருந்து மூணு நாலு மணி நேரத்துல போற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க. இப்பவே புக் பண்ண லேட்டா? அப்புறம் கரடி வரும்ங்கறாங்களே, நம்ம சமையல் வாசனைக்கு?

மலைமந்தி:
ஃப்ளஷ், ஷவர்னா எனக்கு முதல்ல தோணறது கலவேராஸ் பிக் ட்ரீஸ் ஸ்டேட் பார்க், ஆர்னால்டு ஊருக்குப் பக்கத்துல, ஹைவே 4ல. உயரம் கிட்டத்தட்ட 4800 அடி. கேம்ப்கிரவுண்டுல இருந்தே நார்த் குரோவ்ங்கற ஜெயன்ட் செகோயா மரக்கூட்டத்துக்கு நடந்து போயிரலாம், பாதை பெரும்பாலும் சமதரை, முட்டி வலிக்காரரும் மெதுவா நடக்கலாம். கொல்லிமலை சுத்துனவர் அந்த மரத்த அண்ணாந்து பாக்கறப்ப ஒரு ஃபோட்டோ எடுத்துருங்க. ஒரு நாள் அப்படியே மேல ஓட்டிட்டுப் போனா லேக் ஆல்பைன், 7000 அடிக்கு மேல. போற வழியெல்லாம் ஸ்டானிஸ்லாஸ் ஃபாரஸ்ட்தான், உங்க வீட்டுக்காரர் ஆசைக்கு பகல்ல அங்க போய் உக்காந்து சாப்பிட்டு வாங்க. ராத்திரி ஷவர் உள்ள இடம், பகல்ல காடு.

ஸ்டேட் பார்க் புக்கிங் எல்லாம் ரிசர்வ் கலிஃபோர்னியாங்கற வெப்சைட்லதான், ஆறு மாசம் முன்னாடியே காலைல 8 மணிக்குத் திறக்கும், ஸோ ஜூலை வீக்கெண்ட் ஏற்கனவே போயிருக்கும். ஞாயிறு செவ்வாய் மாதிரி வார நாள்ல தேடுங்க, உங்க மாமனார் மாமியாருக்கு ஏது ஆபீஸ். கேன்சலேஷனும் வந்துட்டே இருக்கும், நோட்டிஃபிகேஷன் போட்டு வைங்க. அடுத்த வருஷம் யோசமிட்டி வேணும்னா, அங்க பள்ளத்தாக்கு கேம்ப்கிரவுண்டுக்கு மாசா மாசம் 15ஆம் தேதி காலைல 7 மணிக்கு அஞ்சு மாசம் தள்ளி உள்ள தேதிங்கள விடுவாங்க, நிமிஷத்துல போயிரும், லாகின் பண்ணி கை துடிக்க உக்காந்திருக்கணும்.

டென்ட்டு_மாமா:
கரடிக்கு நான் சொல்றேன். கலிஃபோர்னியால இருக்கறது கருங்கரடி மட்டும்தான், கிரிஸ்லிங்கற பெரிய பழுப்புக் கரடி இங்க அழிஞ்சு நூறு வருஷம் ஆச்சு, ஆளத் தேடி வராது, சோத்தத் தேடித்தான் வரும். மலைல உள்ள கேம்ப்கிரவுண்டுகள்ல சைட்டுக்கு சைட் இரும்புப் பெட்டி வச்சிருப்பாங்க, வாசனை உள்ளது எல்லாம் அதுக்குள்ள போகணும். சாப்பாடு மட்டும்னு நினைக்காதீங்க, டூத்பேஸ்ட், தேங்காய் எண்ணெய், சோப்பு, தைலம், மாமியார் தலைமாட்டுல வச்சுக்கற முறுக்கு டப்பா, எல்லாமே. டென்டுக்குள்ள எதுவும் கூடாது. பாத்திரம் கழுவின தண்ணிய வடிகட்டி கருவேப்பிலை, கடுகு, சோத்துப் பருக்கைய குப்பைல போட்டுட்டு மிச்சத்த கேம்ப்கிரவுண்டுல சொல்ற இடத்துல ஊத்துங்க, குடிதண்ணிக் குழாயடில கழுவக் கூடாது.

சைட்டுக்குப் போனதும் முதல்ல அண்ணாந்து பாருங்க. 2012ல இருந்து 2016 வரைக்கும் அடிச்ச வறட்சிலயும் வண்டுலயும் கலிஃபோர்னியா காட்டுல 10 கோடிக்கும் மேல மரம் செத்துப் போச்சு, கேம்ப்கிரவுண்டுக்குள்ள ஆபத்தான மரத்த வெட்டிருவாங்கதான், ஆனா காஞ்ச கிளை தொங்கறது எப்பவும் இருக்கும், அதுக்கு நேர் கீழ டென்ட் வேண்டாம்.

ஃப்ரிமாண்ட்_அம்மா:
ஞாயிறுல இருந்து செவ்வாய் வரைக்கும் ஒரு சைட் இப்பதான் கிடைச்சுது, நார்த் குரோவ் கேம்ப்கிரவுண்டு, பாத்ரூம்ல இருந்து மூணாவது சைட்!! கடைசியா ஒண்ணு, வீட்டுப் பின்னாடி வெட்டிப் போட்ட மரக்கட்டை நிறைய கிடக்கு, விறகுக்கு அதையே ஏத்திட்டுப் போலாமா?

மலைமந்தி:
வேண்டாங்க, கட்டைக்குள்ள இருக்கற வண்டும் நோயும் அந்தக் காட்டுக்குப் போயிரும், அங்கயே கேம்ப்கிரவுண்டுலயோ ஆர்னால்டு கடைலயோ வாங்கிக்கோங்க. போற அன்னிக்கு நெருப்புத் தடை இருக்கான்னு பார்க் பக்கத்துல ஒரு தடவ பாருங்க, தடைன்னா விறகே வாங்க வேண்டாம், கேஸ் ஸ்டவ்வுக்கு விடறாங்களான்னும் அதுலயே போட்டிருக்கும்.